என் முதுகுக்கு ஏற்ற மெத்தை உலகத்தில் இல்லை

இனி இந்த ஜென்மத்தில் பீரோவைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

சாதாரணமாக நான் முடிவெடுக்கிற ஆள் இல்லை. எங்கள் வீட்டில் அந்த இலாகா மனைவியிடம் இருக்கிறது. நிறைவேற்றுகிற இலாகா என்னிடம். அவள் சுட்டுவிரலை நீட்டுவாள். அந்த விரலுக்கும் சுவருக்கும் நடுவில் எது நிற்கிறதோ அதை நான் தள்ள வேண்டும்.

அவளுக்கு ஒரு பழக்கம். வீட்டுச் சாமான்கள் ஒரே இடத்தில் இருந்தால் மூச்சு முட்டும். மாதத்துக்கு ஒருமுறை எல்லாம் இடம் மாறியாக வேண்டும். கட்டில் ஜன்னலோரம் போகும். சாப்பாட்டு மேஜை வாசலுக்கு வந்து வரவேற்கும். சோபா எந்த அறையில் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டுதான் நான் வீட்டுக்குள் நுழைவேன். ஒருநாள் விசாரிக்க மறந்து, பழைய இடம் என்று நினைத்து உட்கார்ந்து, தரையில் போய் விழுந்தேன். "அங்க ஏன் உக்கார்றீங்க, சோபா இங்க இருக்கு" என்றாள், ஏதோ நான்தான் வழி தவறியவன் போல.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பீரோவைத்தான் பொறுக்க முடியவில்லை. அந்தக் காலத்து இரும்பு. அதைச் செய்தவர் பாங்குக்குப் பெட்டகம் செய்ய ஆரம்பித்து, பாதியில் மனம் மாறி, கண்ணாடி வைத்துக் கொடுத்துவிட்டார் என்று நினைக்கிறேன். நானும் என் மனைவியும் வெளியூர் போனதைவிட அந்த பீரோ வீட்டுக்குள் அதிக தூரம் போயிருக்கிறது.

"இப்ப எதுக்கு இதை நகத்தணும்?" என்று கேட்டேன் அன்றைக்கு.

"வீடு புதுசா இருக்கும்."

"போன மாசம்தானே புதுசாச்சு?"

"அது பழசாயிடுச்சு."

இதற்கு மேல் வாதம் செய்ய என்னிடம் சரக்கு இல்லை. தோள் கொடுத்தேன். படுக்கையறையிலிருந்து பீரோ கிளம்பியது. ஹாலைத் தாண்டி எதிர் மூலைக்குப் போக வேண்டும். நடு ஹால் வரைக்கும் வந்ததும் எனக்கு நாக்கு வெளியே வந்துவிட்டது. கொஞ்சம் காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்தேன்.

வராந்தாவில் எதிர்வீட்டுக்காரர் நின்றிருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் குடியிருப்பில் அவரை 'முழங்கால்' என்றால்தான் தெரியும். அவருடைய மனைவி "கடைக்குப் போயிட்டு வாங்க" என்றால் அவருக்கு முழங்கால் வலி வந்துவிடும். நண்பர்கள் சீட்டாடக் கூப்பிட்டால் போய்விடும்.

"என்ன சார், மூச்சு வாங்குது?"

"பீரோ."

"மறுபடியுமா?"

"மறுபடியும்."

அவர் தன் வீட்டுக் கதவை மெல்லச் சாத்தினார். என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"சார், உங்களுக்கு ஏதாவது வலி இருக்கா?"

"இல்லையே. நல்லாத்தான் இருக்கேன்."

"அதான் தப்பு. கல்யாணமானவர் ஒரு வலி கைவசம் வெச்சுக்கணும்."

"எந்த வலியை வெச்சுக்கறது?"

"முழங்காலை நான் எடுத்துட்டேன். ஒரே மாடியில ரெண்டு முழங்கால் இருந்தா சந்தேகம் வரும். முதுகு காலியாத்தான் இருக்கு. நீங்க முதுகை எடுத்துக்கோங்க."

"டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிட்டா?"

"முதுகுல அதுதான் சார் வசதி. போனா டாக்டர் 'எனக்கும் இருக்கு'ன்னு சொல்லுவார்."

உள்ளே போனேன். பீரோவில் தோளை வைத்தேன். ஒரு தள்ளு தள்ளுவதுபோல் பாவனை செய்து, "ஹா" என்று சொல்லி, பாதி குனிந்த நிலையில் அப்படியே நின்றுவிட்டேன்.

"என்னாச்சுங்க?"

"புடிச்சுக்கிச்சு."

"எது?"

"முதுகு."

என் மனைவி என்னைப் பார்த்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. பரீட்சை நடக்கும்போது ஹாலில் மேற்பார்வைக்கு அவளைத்தான் போடுவார்கள். பிட் அடிக்கிற பையனை அவள் கையும் களவுமாகப் பிடித்ததாகச் சரித்திரமே கிடையாது. பிடிக்க மாட்டாள். பக்கத்தில் போய் நின்று, "நல்லா எழுதறே, எழுது" என்பாள். இன்னொரு தாள் வேண்டுமா என்று கேட்பாள். கொஞ்ச நேரத்தில் பையன் அவனாகவே பிட்டை எடுத்து அவள் கையில் கொடுத்துவிடுவான். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் அன்றைக்கு என்னை அந்தப் பையன்களைவிடக் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன்.

"சரி, மெதுவா உக்காருங்க. சோபா அந்தப் பக்கம் இருக்கு" என்றாள். அவ்வளவுதான். ஒரு கேள்வி கேட்கவில்லை.

அதன் பிறகு வந்த நாட்கள் என் இல்லற வாழ்க்கையின் பொற்காலம். எதையும் தூக்க வேண்டாம். எதையும் தள்ள வேண்டாம். குனியக்கூட வேண்டாம், செருப்பை அவளே எடுத்து வைப்பாள். சாயங்காலம் வெந்நீர்ப் பையை வைத்து ஒத்தடம் கொடுப்பாள். மனசு உறுத்தியது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒத்தடம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் உறுத்தல் தூங்கிவிடும், நானும் தூங்கிவிடுவேன்.

ஒரே ஒரு சங்கடம். பீரோ நடு ஹாலிலேயே நின்றது. பாதிப் பயணத்தில் என் முதுகு பிடித்துக்கொண்டதால் அது போய்ச் சேரவும் இல்லை, திரும்பவும் இல்லை. ஹால் இரண்டாகப் பிரிந்துவிட்டது. டிவி அந்தப் பக்கம். சோபா இந்தப் பக்கம். நான் செய்திகளைக் காதால் கேட்டுக்கொண்டிருந்தேன். விருந்தாளிகள் வந்தால் கணவன் ஒரு பக்கமும் மனைவி ஒரு பக்கமும் உட்கார்ந்து பீரோவைச் சுற்றிப் பேசிக்கொள்வார்கள். ஒருவர் கிளம்பும்போது பீரோவுக்குக் கைகூப்பிவிட்டுப் போனார்.

என் மனைவி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தினமும் காலையில் காபியை நீட்டும்போது ஒரே ஒரு கேள்வி.

"முதுகு எப்படிங்க இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு."

"சரி."

எத்தனை நாள் ஆனாலும் இந்த 'சரி'யில் குறை வைக்கவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். அப்போதுதான் ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள் கைப்பையைக்கூட வைக்காமல் சொன்னாள்.

"காரணத்தைக் கண்டுபிடிச்சுட்டேங்க."

"எதுக்குக் காரணம்?"

"உங்க முதுகுவலிக்கு. நம்ம பஞ்சு மெத்தைதான். நடுவுல குழி விழுந்துடுச்சு. மெமரி ஃபோம்னு ஒண்ணு இருக்காம். நம்ம உடம்பு எப்படியோ அதுக்கேத்த மாதிரி அமுங்கிக் கொடுக்குமாம். எங்க கணக்கு டீச்சருக்கு அதுல படுத்து முதுகுவலி போயிடுச்சாம்."

"போயிடுச்சா?"

"சுத்தமா."

பயந்துவிட்டேன். மெத்தை வந்தால் வலி போக வேண்டும். வலி போனால் பீரோ வரும். என் முகம் போன போக்கைப் பார்த்து அவளே ஆறுதல் சொன்னாள்.

"கவலைப்படாதீங்க. கண்டதை வாங்கிட மாட்டேன். நீங்கதான் பாத்துச் சொல்லணும். தரம் பாக்கறதுதானே உங்க வேலையே. நீங்க சரின்னு சொல்ற மெத்தையைத்தான் வாங்குவேன்."

"நான் சரின்னு சொன்னாத்தான்?"

"நீங்க சொன்னாத்தான்."

"எதுவுமே சரியில்லைன்னா?"

"அப்ப வாங்க வேண்டாம். வலியோட இருங்க, என்ன செய்யறது."

விடைத்தாளைத் திருத்துகிற வேலையைப் பையனிடமே கொடுத்தது போல் ஆயிற்று. அந்த நிமிடமே தீர்மானித்துவிட்டேன். என் முதுகுக்கு ஏற்ற மெத்தை உலகத்தில் இல்லை.

என் வேலையைப் பற்றிச் சொல்லவில்லையே. பிளாஸ்டிக் நாற்காலி செய்கிற கம்பெனியில் தரம் பார்க்கிறேன். அதாவது உட்கார்கிறேன். "உக்காந்து சம்பளம் வாங்கறார்" என்று என் மனைவி வீட்டார் சொல்வது கேலி இல்லை, நிஜம். ஆனால் நீங்கள் உட்கார்கிற மாதிரி இல்லை. ஸ்டூல் மேல் ஏறி நின்று நாற்காலியில் தொப்பென்று விழுவேன். பின்னங்கால் இரண்டில் நிறுத்தி ஆடுவேன். ஒரு கையில் முழு எடையையும் ஊன்றித் திருகுவேன். தாங்கினால் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டி "பாஸ்" என்பேன். தாங்காவிட்டால் நான் தரையில் இருப்பேன். குறை கண்டுபிடிக்காமல் நான் விட்ட நாற்காலி குறைவு. இந்தத் திறமை வீட்டில் எதற்கும் உபயோகப்பட்டதில்லை, இப்போது உபயோகப்படப் போகிறது என்று நெஞ்சு விம்மியது.

முதல் கடைக்குப் போனோம். இரண்டு பேர் என்னைக் கைத்தாங்கலாகப் பிடித்துப் படுக்கவைத்தார்கள். "அம்மா" என்று முனகினேன். கடைக்காரர் பயந்துபோய், படுத்தபடியே பாருங்கள் போதும் என்றார்.

"உள்ளங்கையை வெச்சு நல்லா அழுத்துங்க சார். எடுத்தீங்கன்னா கைத்தடம் மெதுவா மறையணும். டக்குனு மேல வந்துடுச்சுன்னா அது வெறும் ஸ்பாஞ்ச். மறையவே இல்லைன்னா மட்டம்."

அழுத்தினேன். எடுத்தேன். தடம் மெல்ல, நிதானமாக, அழகாக மறைந்தது. நல்ல மெத்தை.

"சீக்கிரம் மறைஞ்சுடுச்சு" என்றேன்.

"மெதுவாத்தானே சார் மறைஞ்சுது?"

"மெமரின்னு பேர் வெச்சிருக்கீங்க. ஒரு கையை இதுக்கு மேல ஞாபகம் வெச்சுக்க முடியலை. இவ்வளவு பெரிய முதுகை விடிய விடிய எப்படி ஞாபகம் வெச்சுக்கும்?"

கடைக்காரர் என் மனைவியைப் பார்த்தார். அவள் பெருமையாகத் தலையாட்டினாள். "இவர் ரொம்ப நுணுக்கமா பாப்பார்."

அடுத்த கடை மெத்தையில் தடம் மறையக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

"இது வேண்டாம். நடந்ததையெல்லாம் மனசுலயே வெச்சுக்குது. ஏற்கெனவே அப்படி ஒருத்தர் போதும்."

"யாரு?" என்றாள் என் மனைவி.

"எங்க மேனேஜர்."

இன்னொரு கடையில் மெத்தையை முகர்ந்து பார்த்தேன். "வாடை வருது."

"புது மெத்தை சார். ரெண்டு நாள் காத்துல வெச்சா போயிடும்."

"அந்த ரெண்டு நாள் நான் எங்க படுக்கறது? பால்கனியிலயா?"

அதற்கும் அடுத்த கடையில் வாடையே இல்லை. எதையோ மறைக்கிறார்கள் என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன். ஒரு மெத்தை கனம் இல்லை, உள்ளே சரக்கு இல்லை என்றேன். ஒன்று கனமாக இருந்தது. கட்டில் என்ன பாவம் செய்தது என்று கேட்டேன். உறையின் ஜிப்பைத் திறந்து காட்டச் சொன்னேன். மேலே ஞாபக அடுக்கு, கீழே தாங்குகிற அடுக்கு என்று விளக்கினார்கள். நடுவில் ஒரு கோடு தெரிகிறதே, இரண்டுக்கும் சண்டை வந்தால் நான் யார் பக்கம் படுப்பது என்று கேட்டேன். ஒரு கடைக்காரர் நாங்கள் தெருமுனையில் வருவதைப் பார்த்ததும் ஷட்டரை இறக்கினார்.

என் மனைவியின் பொறுமையைத்தான் சொல்ல வேண்டும். முகம் சுளிக்கவில்லை. "நீங்க சொன்னா சரிதாங்க. அடுத்த கடை பாப்போம்" என்று என் கையைப் பிடித்து மெதுவாகப் படியிறக்கினாள். இப்படி ஒரு மனைவியை ஏமாற்றுகிறோமே என்று ஒரு தடவை கண்கூடக் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து நடு ஹாலில் பீரோவைப் பார்த்ததும் தெளிந்துவிட்டேன்.

கடைசியாகப் போனது பெரிய கடை. முதலாளி கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு மெத்தையைக் காட்டினார். இரண்டு விரலால் அதைத் தொட்டார்.

"முதல் தரம். நானே சோதிச்சுப் பாத்துதான் விக்கிறேன்."

"இப்ப செஞ்சீங்களே, அதுவா சோதனை?" என்றேன்.

"இவரும் தரம் பாக்கறவர்தாங்க" என்றாள் என் மனைவி. "நாற்காலி கம்பெனியில."

"நாற்காலியா?" முதலாளி கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "அதுல என்னம்மா இருக்கு பாக்க. உக்காந்தா உடையலைன்னா நல்ல நாற்காலி. மெத்தை அப்படியில்லை."

எனக்குச் சுருக்கென்றது. முதுகில் இல்லை, அதற்கும் உள்ளே. இத்தனை வருஷம் விழுந்து விழுந்து உழைத்தவனைப் பார்த்து ஒருவன் சொல்கிற பேச்சா இது?

"அப்படிச் சொல்லாதீங்க" என்றாள் என் மனைவி எனக்காக. "இவர் பாத்தா ஒரு குறை தப்பாது. இப்ப முதுகு சரியில்லை. இல்லைன்னா உங்களுக்குக் காட்டியிருப்பார்."

முதலாளி சிரித்தார். ஒரு டம்ளரில் தளும்பத் தளும்பத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். மெத்தையின் ஒரு ஓரத்தில் வைத்தார். மறு ஓரத்தில் போய், கல்யாண மேடையில் உட்காருகிற மாதிரி, வேட்டியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார்.

"பாத்தீங்களா? ஒரு சொட்டு சிந்தலை. அந்தப் பக்கம் ஒருத்தர் புரண்டா இந்தப் பக்கம் இருக்கறவருக்குத் தெரியவே தெரியாது."

"இதுக்குப் பேர் விழறதா? உக்காந்தீங்க."

"பின்னே எப்படி சார் விழறது?"

"வேலை முடிஞ்சு களைச்சு வர்றவன் இப்படியா மடிப்புக் கலையாம உக்காருவான்? பொத்துனு விழுவான். எந்திரிங்க. தள்ளுங்க."

அடுத்து நடந்ததை நான் நிதானத்தோடு செய்தேன் என்று சொல்ல முடியாது. செருப்பைக் கழற்றினேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு மேலே ஏறினேன். தொப்பென்று விழுந்தேன். டம்ளர் அசையவில்லை.

"லேசா ஆடின மாதிரி இருந்துச்சுங்க" என்றாள் என் மனைவி. "சட்டைப் பையில இருக்கறதையெல்லாம் என்கிட்ட குடுங்க. இன்னொரு தடவை பாத்துடுங்க."

பையைக் காலி செய்து கொடுத்தேன். உயரமான ஸ்டூல் கேட்டேன். வந்தது. விழுந்தேன். தண்ணீர் அப்படியே நின்றது. எனக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு உருண்டேன். டம்ளருக்கு ஒரு சாண் முன்னால் நின்று திரும்ப உருண்டேன். ஓரத்தில் உட்கார்ந்தால் சரிகிறதா என்று உட்கார்ந்தேன், குந்தினேன், ஒற்றைக் காலில் நின்றேன்.

"குட்டிக்கரணம் போட்டுப் பாத்தா?" என்றாள் யோசனையாக.

"போட்டுத்தான் பாக்கணும்" என்றேன். போட்டேன்.

"எடை எல்லாம் ஒரே இடத்துல இறங்கினா குழி விழுமாங்க?"

நல்ல கேள்வி. தொழில் தெரிந்தவர்கள் கேட்கிற கேள்வி. தலையை மெத்தையில் ஊன்றி, காலை மேலே தூக்கி, தலைகீழாக நின்றேன். கடையில் இருந்தவர்கள் எல்லாம் மற்ற மெத்தைகளை விட்டுவிட்டு என்னைச் சுற்றி நின்றார்கள். தலைகீழாக முதலாளியின் முகம் தெரிந்தது. வாய் திறந்திருந்தது. நாற்காலிக்காரன் யார் என்று அவருக்குப் புரிந்துவிட்டது என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

இறங்கினேன். தலை பதிந்த குழி மெல்ல மெல்ல நிரம்பிச் சமமானது. டம்ளரில் ஒரு சொட்டுக் குறையவில்லை. உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினேன்.

"பாஸ்" என்றேன்.

பழக்க தோஷம். சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. அதன் பிறகுதான் முதுகு ஞாபகம் வந்தது. இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு "ஹா" என்றேன்.

"வலிக்குதா?" என் மனைவி ஓடி வந்து தாங்கினாள். "பாவம், ஒரு மெத்தைக்காக எவ்வளவு சிரமப்படறீங்க."

அவள் முகத்தை நன்றாகப் பார்த்தேன். கவலையைத் தவிர எதுவும் இல்லை. நல்லவேளை, இவ்வளவு நேரமும் டம்ளரைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்று நிம்மதியடைந்தேன். என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, அவள் முதலாளியோடு ஓரமாகப் போய்ப் பேசினாள். நான் அந்த நாற்காலியின் கால்களைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

வழியெல்லாம் மாற்றுத் திட்டம் யோசித்தேன். வீட்டு வாசலுக்கு வரும்போது கிடைத்துவிட்டது.

"புது மெத்தை உடம்புக்குப் பழக ரொம்ப நாளாகும், தெரியுமா? சில பேருக்கு வருஷக்கணக்கா ஆகுதாம். அதுவரைக்கும் வலி இருக்கத்தான் செய்யும்."

"இருக்கட்டுங்க. என்ன அவசரம்" என்றாள். இவளுக்கு எதையும் சொல்லிப் புரியவைப்பது எவ்வளவு சுலபம் என்று நினைத்தேன்.

மறுநாள் விடுமுறை. வேன் வந்தது. நான் கீழே போய் நின்றேன். இரண்டு ஆட்கள் மெத்தையை இறக்கினார்கள், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறையோடு. லிஃப்டில் நுழைத்துப் பார்த்தார்கள். நுழையவில்லை. இரண்டாக மடித்து, மேலே ஏறி மிதித்து, கயிறு போட ஆரம்பித்தார்கள்.

"மடிக்காதீங்க. ஃபோம் முறிஞ்சுடும்."

"மடிக்காம எப்படி சார் கொண்டு போறது? படிக்கட்டுத் திருப்பம் குறுகலா இருக்கு."

"நான் பாஸ் போட்ட மெத்தை இது. யார் கைலயும் குடுக்க முடியாது. தள்ளுங்க."

தலைமேல் ஏற்றினேன். ஆட்கள் பின்னால் பிடிக்க வந்தார்கள். கை வைத்தால் தடம் பதியும் என்று விரட்டினேன். முதல் திருப்பத்தில் பக்கவாட்டில் சாய்த்தேன். இரண்டாவது திருப்பத்தில் செங்குத்தாக நிறுத்திக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறினேன். எங்கள் மாடிக்கு வந்தபோது எதிர்வீட்டு முழங்கால் வாசலில் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் அவருக்கு என்னவோ ஆகிவிட்டது. தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். குனிந்தார். முகத்தைச் சுளித்தார். கண்ணால் எங்கள் வீட்டுக் கதவைக் காட்டினார். மறுபடி இடுப்பைத் தொட்டார்.

"என்ன சார், முழங்கால் இடுப்புக்கு ஏறிடுச்சா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனேன். பின்னால் அவர் தலையில் அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது.

உள்ளே பீரோ. நடு ஹாலில். மெத்தை இந்தப் பக்கமும் திரும்பவில்லை, அந்தப் பக்கமும் திரும்பவில்லை.

"ஐயையோ, பீரோ முனை குத்துதுங்க" என்றாள் என் மனைவி. "மெத்தை கிழிஞ்சுடப் போகுது."

கிழிவதா? என் மெத்தையா? சுவரில் சாய்த்து வைத்தேன். பீரோவில் தோளை வைத்தேன்.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். நானேதான் கேட்டேன்.

சுட்டுவிரல் நீண்டது. "அந்த மூலைக்கு."

தள்ளினேன்.

"கொஞ்சம் இடதுபக்கம்."

தள்ளினேன்.

"சுவரை ஒட்டி விடுங்க. ஆங். அப்படியே சோபாவை இங்க இழுத்துட்டா மெத்தை தாராளமாப் போகும்."

இழுத்தேன்.

"சாப்பாட்டு மேஜை?"

அதையும் தள்ளினேன். அப்புறம் டிவி வைத்திருந்த மேஜை. அப்புறம் கட்டில், ஏனென்றால் புது மெத்தைக்கு ஜன்னலோரம் நல்லதாம். எல்லாம் முடிந்து நிமிர்ந்தபோது ஹாலில் வெளிச்சம் கொட்டியது. வீடு புதுசாக இருந்தது. வேன் ஆட்கள் இருவரும் வாசலில் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் முழங்கால் தன் வீட்டுக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டார். நான் நெற்றி வியர்வையைத் துடைத்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, முதுகை நன்றாக வளைத்துச் சோம்பல் முறித்தேன்.

"முதுகு எப்படிங்க இருக்கு?" என்றாள் என் மனைவி.

தூக்கிய கை தூக்கியபடியே நின்றது. இந்த நிலையில் ஒருவன் "ஹா" என்று சொல்ல முடியாது. சொல்லிப் பார்க்க வாய் திறந்தேன். காற்றுதான் வந்தது.

"பரவாயில்லை" என்றேன்.

"பாத்தீங்களா." அவள் மெத்தையிடம் போனாள். உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினாள். "நீங்க தேர்ந்தெடுத்தா சும்மாவா? இன்னும் உறையைக்கூடப் பிரிக்கலை. அதுக்குள்ள குணமாக்கிடுச்சு."

"ஆமா" என்றேன். வேறு என்ன சொல்ல?

"வலியே போயிடுச்சு, இனிமே இது நமக்கு எதுக்கு? பிரிக்காமக் குடுத்தா திருப்பி எடுத்துக்கணும்னு நேத்தே கடையில பேசிட்டேன். வேனையும் கீழ நிக்கச் சொல்லியிருக்கேன்."

நேற்றே. அதாவது நான் உட்கார்ந்து நாற்காலிக் காலைக் குறை சொல்லிக்கொண்டிருந்தபோதே. வாசலில் நின்ற ஆட்களைக் கெஞ்சலாகப் பார்த்தேன். அவர்கள் முன்னால் வரத்தான் பார்த்தார்கள்.

"வேண்டாம்பா" என்று தடுத்தாள் என் மனைவி. என் பக்கம் திரும்பினாள். "அவங்க மடிச்சுடுவாங்க. நீங்களே எடுத்துட்டுப் போங்க."